இரண்டு சுற்று

அந்த நூல் அவள் கண்ணில் பட்டிருக்கக் கூடாது.

அத்தையின் ஜாக்கெட் கை ஓரத்தில், பச்சைப் பட்டில், அரை விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. பிசிறு.

அவள் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் ஜெர்மன்காரி ஒருத்தி சட்டைக் காலர்களுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நூறு வருடத்துக்கு முந்தைய பேசாத படம். பின்னணி இசைகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதைப் பார்க்கக் கோயம்புத்தூரில் இருபது பேர் இருந்தார்கள் என்பதே அவளுக்கு ஆச்சரியம். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. யாராவது தொண்டையைச் செருமினால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை என்றால், இன்னும் அத்தை ஆகவில்லை. அவர் மகன் நவநீதனோடு கல்யாணம் அடுத்த மாதம்.

"ஒரு படம் போடறாங்க. நீ மட்டும் வா கண்ணு" என்று போனில் கூப்பிட்டிருந்தார்.

நீ மட்டும்.

மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நவநீதன் தன் வீட்டில் சொல்லிவைத்தது இது: அவள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி மூன்று வருடம் படித்தாள்.

படித்தது தபாலில். அந்த மூன்று வருடமும் அவள் இருந்தது திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியில். தைத்து வரும் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டும் வேலை. பிசிறு வெட்டுகிறவள்.

காதலிக்கும்போது நவநீதனுக்கு அது பெருமையாக இருந்தது. பத்திரிகை அடித்ததும் பயமாகிவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்தால் கல்யாணமே நின்றுவிடும் என்றான். அவள் சரி என்றாள். சரி என்றதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம், இன்னும்.

திரையில் இஸ்திரிக்காரியை ஒரு பணக்காரப் பையன் பார்த்துவிட்டான். அடுத்த காட்சியில் மாளிகை. அதற்கடுத்ததில் முத்துமாலை. பேச்சு இல்லாத படத்தில் கல்யாணம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

எத்தனையோ படம் இருக்க, இந்தப் படம் ஏன்?

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். நூல் அங்கேயே இருந்தது.

சேலை மடிப்பு ஒன்று விலகினாலும் சரிசெய்யாமல் காரை விட்டு இறங்காதவர் அத்தை. அவருக்குத் தைக்கிறவர் பிசிறோடு ஜாக்கெட்டை அனுப்புவாரா? அனுப்பினால்தான் இவர் போட்டுக்கொள்வாரா?

தெரிந்தே விட்டிருக்கிறார்.

அவள் தொடைக்கு அடியில் இருந்த கையை இன்னும் அழுத்திக்கொண்டாள்.

வெளியாட்கள் பிசிறைப் பார்த்தால் இழுப்பார்கள். இழுத்தால் தையல் பிரிந்துகொண்டே வரும். கம்பெனியில் கத்தரி கைக்கு எட்டாதபோது வேறு வழி. நூலை ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்று. தையல்மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்தி, ஒரு சுண்டு. துணிக்கு ஒன்றும் ஆகாது. மூன்று வருடத்தில் அது விரலுக்குப் பழகிவிட்டது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் சட்டையில்கூடக் கை போகும்.

மாளிகையில் விருந்து. மேசைமேல் வெள்ளிக் கெண்டி. சூடாக இருக்கிறதா என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். புது மருமகள் யோசிக்கவில்லை. விரலை நாக்கில் தொட்டு, கெண்டியில் சட்டென்று வைத்து எடுத்தாள்.

இஸ்திரிப் பெட்டியின் சூட்டை அப்படித்தான் பார்ப்பார்கள்.

மேசையில் எல்லாக் கைகளும் நின்றன. கிழவி, அந்தப் பையனின் அம்மா, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி அந்த விரலையே பார்த்தாள்.

அரங்கில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அத்தை சிரிக்கவில்லை. அவர் திரையையும் பார்க்கவில்லை. இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போதும் என்று தோன்றியது அவளுக்கு. பயந்து பயந்து இன்னும் முப்பது வருடம் அந்த வீட்டில் சாப்பிட முடியாது.

தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தாள்.

இரண்டு சுற்று. நகம். சுண்டு.

டிக்.

பேசாத படத்தில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

பச்சை நூல் அவள் விரலில் இருந்தது. அத்தை அதைப் பார்த்தார். முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான், கல்யாணம் முடிந்தது என்று அவள் நினைத்தாள். அழுகை வரவில்லை. பசித்ததுதான் வியப்பு.

பிறகு அவள் தோளில் ஒரு கை பட்டது.

வைர மோதிரம் போட்ட கை. நேற்று நவநீதன் வாங்கிக்கொடுத்த புதுச் சுடிதாரின் தோள்பட்டைத் தையலில் அது எதையோ தேடியது. மூன்று வருடத்தில் ஒரு பிசிறைக்கூடத் தப்பவிடாதவள், தன் தோளைப் பார்க்காமல் வந்திருக்கிறாள்.

நூல் விரலில் சுற்றுவதை அவள் உணர்ந்தாள்.

ஒன்று. இரண்டு.

நகம் தையலில் அழுந்தியது.

டிக்.



அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மிக மெதுவாகச் சொன்னார்.

"என் கதைய நவநீதனுக்கு நா சொன்னதில்ல. நீயும் சொல்லாத."

திரையில் கிழவி இன்னும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அது வேறு பார்வையாகத் தெரிந்தது. அல்லது அத்தையே அப்படிப் பார்க்க வைத்துவிட்டாரோ என்னவோ.

விளக்கு போட்டதும் போன் அதிர்ந்தது. நவநீதன்.

"அம்மாவுக்கு ஏதாச்சும் சந்தேகம் வந்துச்சா?"

பக்கத்தில் அத்தை சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அவள் இரண்டு நூலையும் சேர்த்து உருட்டிக் கைப்பைக்குள் போட்டாள்.

"இல்ல" என்று பதில் அனுப்பினாள்.

அவனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.