ஞானத்தின் நாற்காலி

என் மகன் டெரிக் எங்கள் ராயபுரத்து வீட்டிலேயே பணக்காரர்களுக்கு ஸ்பீக்கர் செய்கிறான். மைக் வைத்து அதன் ஒலியை அளக்கும்போது அறையில் ஆள் இருக்கக் கூடாது. உடம்பு சத்தத்தை உறிஞ்சுமாம். இன்றும் என்னை வெளியே அனுப்பிவிட்டுத்தான் அளந்தான்.

“டாடி, உள்ள யாரோ குந்திகினு கீற மாதிரியே காட்டுது.”

“டுபாக்கூர் மெஷின்டா அது.”

எட்டிப் பார்த்தேன். செத்துப்போன என் மனைவி ஞானத்தின் மர நாற்காலி மட்டும்தான் இருந்தது.

“சாயங்காலம் ஸ்பீக்கரு போவணும். மம்மி சேரை வெளிய வெச்சிடலாம், டாடி.”

எனக்கு மனசில்லை. ஆனால் பிள்ளையின் பிழைப்பு. தினமும் பெருக்கும்போது ஒரு கையால் தூக்குகிற நாற்காலிதான்; இன்று அசையவில்லை. டெரிக் மறுபக்கம் பிடித்தான். ஆடாமல் தூக்கிப்போய், வெயில் படாத இடமாகப் பார்த்து மெதுவாக இறக்கினோம்.