பாலத்துக்கு அந்தப் பக்கம்

இந்த முறையும் பூஜ்யம்தான் வந்திருந்தது.

கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடியில் ஆள் எண்ணும் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். காலை ஆறிலிருந்து ஏழு வரை ஒரு ஈ காக்கைகூடப் பாலத்தைக் கடக்கவில்லை என்று அது அடித்துச் சொன்னது.

நகரத்தின் நடைபாதைகளைப் பராமரிக்கும் பிரிவில் அவர் மேற்பார்வையாளர். ஆள் நடமாட்டமில்லாத பாதையைப் பராமரிப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது அலுவலக வழக்கம். பாலத்துக்கு அந்தப் பக்கப் பாதையை எடுத்துவிடலாமா என்று கேட்டு வந்த கோப்பை, 'கருவி பழுது' என்று எழுதி இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்.

ஏனென்றால், ஒரு ஆள் தினமும் கடப்பது அவருக்குத் தெரியும். அவருடைய மனைவி.

அவளுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்பினால் இரண்டு கிலோமீட்டர். மூச்சு வாங்காமல் அதை நடந்துவிட்டால் பயமில்லை, முடியாவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். போன மாதம் முதல் அவள் தினமும் தாண்டிவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் அவருக்குத் தூக்கமே வருகிறது.

வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. அந்தப் பக்கம் மூன்றாவது கல் ஆடுகிறது என்றாள் ஒரு நாள். போய்ப் பார்த்தால், ஆடியது. குழாய் கசிகிறது என்றாள், கசிந்தது. என் ஆட்களைவிட என் வீட்டுக்காரிக்குத்தான் கண் கூர்மை என்று அலுவலகத்தில் பீற்றிக்கொள்ளவும் செய்தார்.

கருவி பொய் சொல்லலாம். ஆடுகிற கல் பொய் சொல்லுமா?

மெக்கானிக் வந்தான். பாலத்தில் நாலு தடவை போய்த் திரும்பினான். கருவி எட்டு என்று காட்டியது. ஜம்மென்று இருக்கிறது சார் என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவர் விடுவதாக இல்லை. இன்று காலை வெளிவேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, முன்னதாகவே வந்து பாலத்தடி பம்ப் அறைக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவள் கடக்கட்டும், கருவியைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

ஆறேகாலுக்கு அவள் வந்தாள்.

பாலத்துக்கு இருபது அடி முன்னால் நின்று, நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அங்கிருந்த சிமெண்டுத் திட்டில், தன் வீட்டு நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தாள்.

பாதை கூட்டும் பெண் துடைப்பத்தோடு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். விடியும் முன்பே அக்கரையைக் கூட்டி முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்துவிடுகிறவள்.

"அக்கா, இன்னைக்கு அந்தப் பக்கம் கைப்பிடியில பெயிண்டு உரிஞ்சு கெடக்கு. ரெண்டாவது லைட்டும் எரியல."

மனைவி தலையாட்டினாள். வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. பிறகு, அவர் தூக்கம் கெடக்கூடாது என்று ஒரு மாதமாக இவள் பாடம் படித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று புரிந்தபோது, கண் நிறைந்துவிட்டது. அவள் எழுந்து போகும்வரை அவர் அசையவில்லை.

அலுவலகம் போனதும் முதல் வேலையாக, மறுநாள் பதினோரு மணிக்கு மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கினார். கோப்பில் 'கருவி சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அவள் பெயிண்டையும் லைட்டையும் சொன்னாள். வழக்கம்போல அவர் குறித்துக்கொண்டார். காலை ஆறு மணிக்கே அணைத்துவிடும் விளக்கு எரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை.

"நாளைக்கு நானும் வரேன்," என்றார். "ஆனா எனக்குப் பாலம் வரைக்கும்தான் முடியும்."

கையிலிருந்த துணி பாதி மடிப்பில் நின்றது.

"பரவால்லங்க," என்றாள். "அங்க உக்கார ஒரு இடம் இருக்கு."