தலைவி சொன்ன பொய்

சிட்டுவின் அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கையில் விறகு பிளக்கிற கோடாலி.

"என் வீட்டுப் படியில எவ காலை வச்சாலும் வெட்டிப் போட்டுடுவேன்! என் பொண்ணு, என் இஷ்டம்!"

ஜீப்பிலிருந்து இறங்கிய பெண் அதிகாரி அசையவில்லை. கூட வந்த போலீஸ்காரம்மா மட்டும் ஓர் அடி முன்னால் வந்து நின்றாள். செங்கல் சூளைக் குடியிருப்பு மொத்தமும் வேலையைப் போட்டுவிட்டுக் கூடிவிட்டது.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தவள் சிட்டுவின் வகுப்புத் தோழி. பள்ளியில் மாணவிகள் குழுவுக்கு அவளைத்தான் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து குடியிருப்பில் அவள் பெயரே 'தலைவி' ஆகிவிட்டது. குழாயடிக்குக் குடத்தோடு போனால்கூட, "தலைவிக்கு வழி விடுங்கப்பா" என்று சிரிப்பார்கள்.

சிட்டு மட்டும் சிரித்ததில்லை. போன வாரம் தலைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். "நீதானே தலைவி? ஏதாவது பண்ணுடி. எனக்குக் கல்யாணம் வேணாம்டி."

குழந்தைத் திருமணம் பற்றிப் புகார் சொல்வதற்கான எண் பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. தலைவிக்கு அது மனப்பாடம். அம்மாவின் போனில் அழுத்துவாள். மறுமுனையில் மணி அடிப்பதற்குள் துண்டித்துவிடுவாள். அம்மாவுக்கு வேலை கொடுப்பவர் சூளை மேஸ்திரி. குடியிருக்கிற அறையும் அவர் தயவுதான். அந்த மேஸ்திரியேதான் சிட்டுவின் பெரியப்பா. மாப்பிள்ளை பார்த்ததும் அவரே. அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவர் சிட்டுவின் அப்பா.

அதனால் ஜீப்பைக் கண்டதும் தலைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே, தான் செய்திருக்க வேண்டியதை வேறு யாரோ செய்துவிட்டார்களே என்று நெஞ்சு குறுகுறுத்தது.

"பொண்ணுக்கு என்ன வயசு?" என்றார் அதிகாரி.

மேஸ்திரி தம்பியை ஒதுக்கிவிட்டுச் சிரித்த முகமாக முன்னால் வந்தார். "பதினெட்டு முடிஞ்சிருச்சும்மா. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது வயசைக் குறைச்சுச் சொல்லிட்டோம். இங்க யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தலைவியும்தான். அதிகாரி போலீஸ்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் தயக்கம் தெரிந்தது.

மறுபடியும் எகிறியவர் சிட்டுவின் அப்பாதான். "பதினஞ்சுதான் ஆகுது! அதுக்கு இப்ப என்னங்கறீங்க? பெத்தவன் எனக்கில்லாத அக்கறை உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"வாயை மூடுடா மடையா!" மேஸ்திரி பல்லைக் கடித்தார்.

"பெத்தவரே சொல்லிட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும்?" அதிகாரி விறுவிறுவென்று படியேறினார். கோடாலி குறுக்கே வரவில்லை.

பெண்ணை அழைத்துப் போக வந்திருந்த மாப்பிள்ளை வீட்டு வேன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது. அண்ணன் தம்பி இருவரையும் எச்சரித்துவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். "நாளைக்குப் பொண்ணு வகுப்புல இருக்கணும். இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் உள்ளே இருப்பீங்க."

ஜீப் கிளப்பிய புழுதி அடங்கும் முன்பே மேஸ்திரியின் சிரிப்பு மறைந்தது. "எவ போன் பண்ணினது?" என்று நேராகத் தம்பி பெண்டாட்டியிடம் போனார். "நீதானே?"

"சத்தியமா இல்லீங்க மாமா." சிட்டுவின் அம்மா சுவரோடு சுவராக ஒடுங்கினாள். மேஸ்திரி கையை ஓங்கினார்.

தலைவியின் கால்கள் தாமாகவே நகர்ந்தன. "அத்தையை விடுங்க. நான்தான் பண்ணினேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

மேஸ்திரி ஓங்கிய கையை மெல்ல இறக்கினார். அடித்திருந்தால்கூடத் தேவலை. "உங்கம்மாகிட்ட சொல்லு. இனிமே சூளைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள அறை காலியாகணும்."

சிட்டுவின் அப்பா வாசற்படியில் நின்றபடி தலைவியையே வெறித்துப் பார்த்தார். கோடாலிக் காம்பை இறுக்கிப் பிடித்ததில் அவர் விரல்கள் வெளுத்திருந்தன. தலைவி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சாயங்காலம் அம்மா பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தலைவியைப் போட்டுக் குடைந்தது.

"நெஜமாவே நீதான் பண்ணினியா?"

"இல்லம்மா. பண்ணியிருக்கணும்."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முடிச்சை இழுத்துக் கட்டினாள். எங்கே போவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. சிட்டுவின் அப்பா நின்றிருந்தார். உதடு கிழிந்திருந்தது, சட்டை முன்பக்கமெல்லாம் ரத்தத் துளிகள்.

அம்மா பதறி எழுந்து மகளைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். "அண்ணே, சின்னப் பொண்ணு, ஏதோ புத்தியில்லாம பேசிடுச்சு. கை நீட்டிடாதீங்க. நாங்க இப்பவே போயிடறோம்."

"மூட்டையைப் பிரிச்சிடுங்க. அண்ணன்கிட்டப் பேசிட்டுத்தான் வர்றேன்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் அவளைத் தாண்டித் தலைவியைப் பார்த்தார். காலையில் குடியிருப்பையே அதிர வைத்த அந்தக் குரல் இப்போது உள்ளே போயிருந்தது.

"நான் பண்ணின போனுக்கு நீ எதுக்கும்மா பழி ஏத்துக்கணும்?"