தெரியாது என்ற பதில்

"புதுக் கொம்பியூட்டர் மொழி எப்பிடி அண்ணை?" பாலேஸ்வரி கேட்டாள்.

சண்டையால் ஊரில் கரண்ட் இல்லை. பஞ்சலிங்கம் புத்தகத்தைப் பார்த்துக் கொப்பியில்தான் எழுதிப் பழகினான்.

"வித்தியாசமாய்க் கிடக்கு. கட்டளை ஒண்டும் வேண்டாம். தெரிஞ்ச விசயங்களை எழுதிப்போட்டுக் கேள்வி கேட்டால், ஓம் இல்லாட்டில் இல்லை எண்டு சொல்லும்."

"எழுதாத விசயத்தைக் கேட்டால்?"

"கெட்டிக்காரி! அதுக்கும் இல்லையெண்டுதான் சொல்லும்."

"தெரியாதெண்டு சொல்லாதோ?"

"அந்தப் பதிலே இதிலை கிடையாது."

பாலேஸ்வரியின் கை நெற்றிப் பொட்டுக்குப் போனது. இரவில் படகேறிக் கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போய்க் காணாமல் போன கணவனைப் பற்றி இரண்டு வருசமாய் எல்லா இடமும் விசாரித்துவிட்டாள். எல்லாரும் தெரியாது என்றுதான் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் தினமும் பொட்டு வைக்கிறாள்.

"உந்தப் புத்தகத்தை மூடி வையுங்கோ அண்ணை," என்றாள்.