நாலாவது வயலின்

அறிவு நாலாவது வயலினின் சுருதியையும் கொஞ்சம் இறக்கினான். மேடையில் வயலின் எதுவும் கிடையாது. நாலும் கீபோர்டுக்குள் இருந்தன.

"இன்னா மாப்ள, இன்னிக்கு இம்மாம் நேரம் நோண்டிகினு கீற?" என்றான் தீனா. மெல்லிசைக் குழு அவனுடையது. அறிவின் பெண்டாட்டி செங்கொடிக்கு அண்ணன்.

"பழைய சவுண்டு கேட்டாரே மச்சான். அதான்."

கேட்டவர் தவசிமுத்து. தண்டையார்பேட்டையில் பருப்பு மொத்த வியாபாரம், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். மகள் ரிசப்ஷனுக்குக் குழுவை அழைத்திருந்தவர், சற்று முன்புதான் மேடையேறி வந்து ஒரு பாட்டின் முன்னிசையைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன தம்பி, கழுவிக் கவுத்த எவர்சில்வர் தட்டு மாதிரில்லா இருக்கு? அந்தக் காலத்துல நாப்பது பேரு உக்காந்து வாசிச்சானுவ. மனுசன் வாசிச்ச சத்தம் வேணும். பொட்டிச் சத்தம் வேண்டாம்."

அவர் கோபம் அறிவுக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் கோபப்பட வைத்தால் போதும்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிறு லீவு, பி.எஃப். பிடிப்பார்கள், ராத்திரி வீட்டில் சோறு. ஆனால் தானாக விலகினால் மச்சானோடு சண்டை. மச்சானோடு சண்டை என்றால் செங்கொடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புளியந்தோப்பில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். தீனா வாயாலேயே 'போ' என்று வர வேண்டும்.

போன மாசம் வேலை விஷயத்தைச் சொன்னபோது தீனா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "கீபோர்டுல நீ செட் பண்ணி வெச்ச டோன் எல்லாத்தியும் பென்டிரைவ்ல போட்டுக் குடு" என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான். வேறு குழுவுக்கு ஓடிவிடாதபடி பிடுங்கி வைக்கிறான் என்று நினைத்தான் அறிவு.

மேடை மூலையில் அவன் இடம். முன்னால் இரண்டடுக்குக் கீபோர்டு, பின்னால் சுவர், பக்கத்தில் ஆள் உயர ஸ்பீக்கர். உள்ளே போய் உட்கார்ந்தால் கச்சேரி முடிந்துதான் வெளியே. டிரம்ஸ்காரன் பீடி பிடிக்கப் போவான். பாட்டுக்காரி ரோஸ்மேரி டீ குடிக்கப் போவாள். அறிவு எழுந்தால் நாற்பது பேர் எழுந்து போன மாதிரி. மூத்திரத்தை அடக்கி அடக்கி அடிவயிறு கல்லாகியிருந்தது. பிள்ளை பிறந்த சேதியைக்கூட ரோஸ்மேரிதான் பாட்டுக்கு நடுவே வந்து காதில் கத்திவிட்டுப் போனாள்.

கச்சேரி தொடங்கியது. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அளவுக்கு இறக்கியிருந்ததால் நாலு வயலினும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. போதாதென்று ஒன்றைச் சற்றுப் பிந்தி வரவும் வைத்திருந்தான். ரோஸ்மேரி மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"இன்னாண்ணா, கலீஜா கீது? ஊத்திகினு வந்தியா?"

"நீ பாடு."

முன்வரிசையில் தவசிமுத்து எழுந்தார். மேடையைப் பார்த்து வேகமாக நடந்து வந்தார். அறிவு வாசிப்பை நிறுத்தவில்லை. வரட்டும். மண்டபம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு திட்டட்டும். தீனாவுக்கு மானம் போகட்டும். அப்புறம் 'போ'தான்.

தவசிமுத்து மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. கன்னம் நனைந்திருந்தது.

"இதுல்லா!" என்றார். "நாப்பது பேரும் ஒண்ணு போலயா வாசிப்பான்? ஒருத்தன் முந்துவான், ஒருத்தன் பிந்துவான், ஒருத்தன் சுருதி மயிரிழை தள்ளி நிக்கும். எல்லாம் சேந்து வரும் பாரு, அதாம்யா ஆர்க்கெஸ்ட்ரா!"

ரோஸ்மேரி கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "நம்ம வியாபாரிகள் சங்கத்துல யாரு வீட்டு விசேசம்னாலும் இனி இந்தக் குழுதான். ஆனா ஒண்ணு, கீபோர்டுல இந்தத் தம்பிதான் இருக்கணும்!"

மண்டபமே கைதட்டியது. எழுந்து கும்பிடக்கூட இடமில்லாமல் அறிவு உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினான்.

எல்லாம் முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, போனைச் சட்டைப் பையில் போட்டபடி தீனா வந்தான்.

"சங்கத்து ஆளுங்க தை மாசம் வரிக்கும் தேதி புடிச்சிட்டாங்க மாப்ள. அட்வான்ஸே வாங்கிட்டேன்."

அறிவு வயரைக் கீழே போட்டான். "மச்சான், நான் வேணும்னேதான் கெடுத்து வெச்சேன்."

"கெடுத்ததே இப்டின்னா, நல்லா வெச்சா எப்டி இருக்கும்!" தீனா சிரித்துக்கொண்டே தோளில் கை போட்டான்.

"வெளையாடல மச்சான். அந்தாளு கத்துவாரு, நீ என்னத் தொரத்திவுடுவ, திங்கக்கெழம காட்டுப்பள்ளிக்குப் போய்டலாம்னு பாத்தேன். என்னால அந்த மூலையில குந்த முடியல."

தோளில் இருந்த கை இறங்கியது. தீனா அவனையே பார்த்தான்.

"உன்ன அனுப்பறதுக்குத்தான் வேற ஆளு பேசி வெச்சிருந்தேன் மாப்ள, இப்பதான் போன் போட்டு வேணாம்னு சொல்ட்டு வரேன்."