ஒரே ஒயர்

"இன்று மதியத்துக்கு மேல் உலகத்தில் எங்கும் இன்டர்நெட் இருக்காது" என்றது போனில் வெள்ளை முகமூடி போட்ட உருவம். அனிட்டா அதை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். காலையிலிருந்து அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தாளோ, அவளுக்கே தெரியாது.

இரண்டு மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ. அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. லேப்டாப்பில்தான் கேள்வி கேட்பார்கள். பாதியில் லைன் போனால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள், மறு வாய்ப்பு கிடையாது என்று ஏஜென்சியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். நர்சிங் முடித்த நாளிலிருந்து அவள் காத்திருந்தது இந்த ஓர் அழைப்புக்காகத்தான்.

கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் எல்லோர் போனிலும் அந்த வீடியோ வந்துவிட்டது. யாரோ கம்ப்யூட்டர் போராளிகளாம், உலக அரசாங்கங்களுக்கெல்லாம் பாடம் புகட்டப் போகிறார்களாம். தாராளமாகப் புகட்டட்டும், அதை நாளைக்குப் புகட்டினால் ஆகாதா?

அவளைவிட அதிகம் பயந்தவர் அவள் அப்பா சின்னப்பன். கரும்பு விவசாயி. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் டென்னிஸைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்தார்.

"டேய், நெட்ட நிறுத்திடுவானுங்களாமே, நெசமாடா?"

டென்னிஸ் சிரித்தான். "உலகத்து நெட்ட எவனாலயும் நிறுத்த முடியாதுப்பா. ஒரு வழிய அடைச்சா இன்னொரு வழியா போய்க்கினே இருக்கும். ஏதாவது ஒரு கம்பெனி வெப்சைட்ட கொஞ்ச நேரம் படுக்க வைப்பானுங்க, அவ்ளோதான்."

"நம்மூருக்கு எத்தினி வழிடா?"

"நம்மூருக்கா? ஒரே ஒயர்தான். நம்ம கரும்புக் கொல்லை மேல தொங்கிக்கினு போவுதே, கறுப்பு பிளாஸ்டிக் ஒயரு, அதான். டவருக்கும் அதுல இருந்துதான் போவுது. உள்ள தலைமுடி கணக்கா கண்ணாடி நூலு. அது போனாத்தான் உண்டு."

சின்னப்பன் முகம் வெளுத்தது. "நேத்து ரெண்டு பசங்க வண்டிய நிறுத்திட்டு அந்தக் கம்பத்தாண்டதான்டா நின்னுக்கினு இருந்தானுங்க!"

"ஒண்ணுக்குப் போவ நின்னிருப்பானுங்கப்பா."

"உனக்கு இன்னாடா தெரியும்? கரும்பு வெட்டின சோகை, காஞ்ச எலையெல்லாம், முழங்கால் ஒசரத்துக்குக் கெடக்குது. உள்ள படுத்துக்கினா எவன் கண்ணுக்குத் தெரியும்?"

டென்னிஸ் ஏதோ சொல்லவந்தான். அதற்குள் சின்னப்பன் போனை வைத்துவிட்டு, மூலையில் கிடந்த கொடுவாளை எடுத்துக்கொண்டார்.

"அந்த ஒயர்ல எவன் கை வெக்கிறான்னு நான் பாக்கறேன். நீ பயப்படாம பேசு கண்ணு."

அவர் போன வேகத்தைப் பார்த்து அம்மா மார்கரெட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. "மாதாவே, இந்த மனுசனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது" என்று ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மணி. திரையில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் சிரித்தார்கள். முதல் கேள்விக்கு அனிட்டா திக்கினாள், இரண்டாவதில் சுதாரித்துக்கொண்டாள். ஜன்னல் வழியே பறந்து வந்த கரித்தூள் கீபோர்டில் விழுந்தது. கரும்பு வெட்டு முடிகிற மாதத்தில் அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் விழுவதுதான். கையால் தட்டிவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள்.

மூன்றாவது கேள்விக்கு அவள் சொன்ன பதிலை அந்தப் பெண்களில் ஒருத்தி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "வெரி குட்..." என்றவள், வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோனாள்.

திரையில் வட்டம் சுற்றியது. போனை எடுத்துப் பார்த்தாள் அனிட்டா, டவர் இல்லை. "அம்மா... சொன்ன மாதிரியே பண்ணிட்டானுங்கம்மா!"

தெருவே போனைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே நின்றது. பேங்கில் போட்ட பணம் அவ்வளவும் போச்சு என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த ஷேர் ஆட்டோவிலிருந்து எதிர்வீட்டு மலர்விழி இறங்கினாள்.

"இன்னாடி எல்லாரும் வெளிய நிக்கறீங்க? நெட்டா? டவுன்ல நல்லாத்தான் ஓடுது. நான் வழியெல்லாம் வீடியோ பாத்துக்கினுதான் வந்தேன். நம்மூர் பாலம் தாண்டினதும்தான் புட்டுக்கிச்சு."

அனிட்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உலகம் நிற்கவில்லை. நின்றது இந்த ஊர் மட்டும்தான். அப்படியானால் அந்த ஒயரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அங்கே அப்பா தனியாக, கையில் கொடுவாளோடு...

இன்டர்வியூ, அயர்லாந்து எல்லாம் மறந்துபோயிற்று. செருப்புகூடப் போடாமல் ஓடினாள். வெட்டிப் போட்டிருப்பானுங்களோ, ரத்தம் கொட்டிக் கிடப்பாரோ என்று மனசு கண்டதையும் நினைத்தது. வாய்க்கால் வளைவில் எதிரே ஓர் உருவம் வந்தது. சட்டையெல்லாம் வியர்வை, நடையில் ஒரு தளர்ச்சி. ஆனால் முகம் கொள்ளாத சிரிப்பு.

"அப்பா!" என்று கட்டிக்கொண்டு அழுதாள். "உனக்கு ஒண்ணும் ஆவலியே? எவன் வந்தான்? எத்தினி பேரு?"

"ஒருத்தனும் வர்ல. ஒயரு தொங்கினது தொங்கின மாதிரியே இருக்குது, அறுவவே இல்ல. நீ இன்னாத்துக்கு அழுவுற? நல்லா பேசினியா?"

"எவனும் வர்லியா? அப்ப எப்பிடிப்பா..."

சின்னப்பன் மகளின் கண்ணைத் துடைத்துவிட்டு, பெருமையோடு சொன்னார்:

"எவனும் ஒளிஞ்சிக்கக் கூடாதுன்னுதான், ஒயருக்குக் கீழ கெடந்த சோகைய மொத்தமா கொளுத்திவுட்டுட்டேனே கண்ணு!"