சர்க்கரை மூட்டை நனையவில்லை

“அலுவல் விஷயந்தானா, மதாம்?”

டெலிபோனில் குறுக்கே விழுந்த அந்தக் கட்டைக் குரலைக் கேட்டதும் ஆரோக்கியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி டாக்டரைக் கட்டிக்கொண்ட தங்கை லூர்துசெல்வி. அக்காளும் தங்கையும் பேசுகிற இடத்தில் இந்தக் கட்டையில போறவனுக்கு என்ன வேலை?

“அலுவல்தாங்க, முசே! கப்பல்ல வந்த சர்க்கரை மூட்டை நனைஞ்சுபோச்சாம். அதைத்தான் டாக்டர் வீட்டுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்” என்றாள் கூசாமல்.

சர்க்கரை மூட்டைக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கே தெரியாது. நல்ல வேளை, அந்தக் குரலும் அதை விசாரிக்கவில்லை.

“சரி, பேசுங்க.”

அவள் புருஷன் சூசைநாதனுக்குத் துறைமுக ஆபீசில் வேலை; ஐயாவை முசே, அம்மாவை மதாம் என்கிற பிரெஞ்சுப் புதுச்சேரி அது. எந்நேரம் கப்பல் வந்தாலும் கூப்பிட வசதியாக உப்பளம் பகுதியிலிருந்த வீட்டில் சர்க்கார் செலவில் வைத்துக் கொடுத்த டெலிபோன் அது. கப்பலுக்காகப் பேசியதைவிட ஆரோக்கியம் பேசியதுதான் அதிகம். ஊரில் மற்ற உத்தியோகஸ்தர் வீடுகளிலும் இதே கூத்துதான் போலிருக்கிறது. போன வாரம் உத்தரவே வந்துவிட்டது. சர்க்கார் காசில் ஊர்வம்பு கூடாது. இணைப்புக் கொடுக்கிறவர் நடுநடுவே காது கொடுத்துக் கேட்பார். சொந்தக் கதை பேசினால் டெலிபோனையே கழற்றிவிடுவார்கள்.

“புண்ணியவதி, வச்சுத் தொலையேன்! கழட்டிக்கிட்டுப் போனா ஆபீசுல என் மானம் போயிடும்” என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார் சூசைநாதன்.

ஆரோக்கியம் டெலிபோன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். “உங்க மானம் கிடக்கட்டும். சாயந்தரம் பொண்ணு பார்க்க வர்றாங்க. நம்ம பிலோமினாவுக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாதுன்னு தெரிஞ்சா கல்யாணமே நின்னுபோயிடும். அது பரவாயில்லையா?”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இவள் மறுபடி டெலிபோனில் புகுந்தாள்.

“இத பாருடி, அதிரசமும் அச்சுமுறுக்கும் நீயே சுட்டு, கொல்லைப்பக்கமா அனுப்பிடு. எல்லாம் பிலோமினா கைப்பக்குவம்னு சொல்லிக்கிறேன். மாப்பிள்ளைப் பையன் தங்கமாம்டி. இந்த இடம் தட்டிப்போச்சுன்னா என்னால தாங்கவே முடியாது. காதுதான் கொஞ்சம் பெருசாம். போகட்டும், பொண்டாட்டி சொல்றதை நல்லாக் கேட்டுக்குவான்!”

சகோதரிகள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுவில் யாரோ இருமுவது கேட்டது.

“ஐயோ, அலுவல்தான் முசே! மூட்டையைச் சாயந்தரத்துக்குள்ள அனுப்பச் சொல்றேன்!”

“ம்... அனுப்பச் சொல்லுங்க” என்றது குரல்.

சாயந்தரம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தாயார் வேளாங்கண்ணியம்மாள் கலகலவென்று பேசினாள். மகன் கிறிஸ்துதாசுக்குப் போஸ்த்தில், அதாவது தபால் ஆபீசில் உத்தியோகம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தான். காது இரண்டும் கேள்விப்பட்டதைவிட ஒரு சுற்றுப் பெரிது. ஆனால் பையன் வாயையே திறக்கவில்லை. வணக்கம் சொன்னதற்குத் தலையாட்டல், காப்பி குடிக்கிறீர்களா என்றதற்குத் தலையாட்டல், எல்லாவற்றுக்கும் தலையாட்டல்.

“ஊமையா இருக்குமோ?” என்று புருஷனின் விலாவில் இடித்தாள் ஆரோக்கியம்.

“சும்மா இருடி!”

அவளால் சும்மா இருக்க முடியுமா? “தம்பி ஒண்ணுமே பேசலியே?” என்று கேட்டேவிட்டாள்.

“வேலையில நாள் பூராப் பேசிப் பேசி அலுத்துப்போறான்மா. வீட்டுலயும் இப்படித்தான்” என்றாள் வேளாங்கண்ணியம்மாள்.

தபால்தலையோடு என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று ஆரோக்கியத்துக்குப் புரியவில்லை. அதற்குள் பிலோமினா தட்டோடு வந்துவிட்டாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தான், அதிரசத்தை எடுத்தான், தின்றான். இன்னொன்றும் எடுத்தான். ஆரோக்கியத்துக்கு உச்சி குளிர்ந்தது.

“அடேயப்பா, வாயில வச்சா கரையுது! இத்தனையும் பொண்ணே செஞ்சதா?” என்று அசந்துபோனாள் வேளாங்கண்ணியம்மாள்.

பிலோமினா தரையைப் பார்த்தாள். சூசைநாதன் கூரையைப் பார்த்தார்.

“பின்னே? விடிகாலையில அடுப்படிக்குள்ள போனவ, இப்பத்தான் வெளியே வர்றா” என்றாள் ஆரோக்கியம், கண்ணை இமைக்காமல்.

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டான். மூலையில் பூப்போட்ட துணி மூடியிருந்த டெலிபோனைப் பார்த்தான். பிறகு ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பி, முதல்முறையாக வாயைத் திறந்தான்.

“அலுவல் விஷயந்தானா, மதாம்?”

அதே கட்டைக் குரல்! ஊர் டெலிபோனுக்கெல்லாம் இணைப்புக் கொடுப்பதும் அந்தப் போஸ்த்தில்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆரோக்கியத்தின் கையிலிருந்த டம்ளர் நழுவி உருண்டது. சூசைநாதன் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கும்மா” என்று தாயாரிடம் சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் ஆரோக்கியத்தின் பக்கம் குனிந்தான் கிறிஸ்துதாஸ்.

“சர்க்கரை மூட்டை நனையாம வந்து சேர்ந்துடுச்சுன்னு நாளைக்கு டாக்டர் வீட்டுச் சின்னம்மாகிட்ட சொல்லிடுங்க, நான் இணைப்பை வெட்டமாட்டேன். பயப்படாதீங்க அத்தை, எனக்குக் காதுதான் பெருசு, வாய் சின்னது.”